பத்து மீன், பதினைந்து பேர்: கடற்கரை வீட்டுக்குப் பெரிய கரி கிரில் தேர்ந்தெடுப்பது எப்படி

அரைக் கிலோ விளமீன் ஒன்று தலையிலிருந்து வால் வரை சுமார் ஒன்றரைச் சாண் நீளம் இருக்கும். அகலம் ஆறு விரல். கரண்டி நுழைத்துப் புரட்ட இரண்டு விரல் இடம் விட்டால், கம்பித்தட்டில் ஒரு மீனுக்கு 35 சென்டிமீட்டருக்கு 15 சென்டிமீட்டர் தேவை. பெரிய கிரில் வாங்கப் போகிறவர்கள் கடைக்குப் போகும் முன் இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும். "இருபது பேருக்குப் போதும்" என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்திருப்பது பெரும்பாலும் வட்ட வட்டமான இறைச்சித் துண்டுகளை நெருக்கி அடுக்கிப் போட்ட கணக்கு. நம் ஊரில் முழு மீன் சுடுகிறோம்.

கடைகளில் அதிகம் கிடைக்கும் உருண்டை மூடி கிரில் 57 சென்டிமீட்டர் குறுக்களவு உள்ளது. அதன் கம்பித்தட்டு சுமார் 54 சென்டிமீட்டர். அதில் மேலே சொன்ன மீன் மூன்று வைக்கலாம், நான்காவதை வைத்தால் வால் விளிம்பில் இடிக்கும். பதினைந்து பேருக்குப் பத்து மீன் என்றால் நான்கு தடவை போட வேண்டும். ஒரு தடவைக்குக் கால் மணி நேரம், மொத்தம் ஒரு மணி நேரம். கடைசி மீன் இறங்கும்போது முதல் மீன் ஆறி விறைத்திருக்கும். 57-க்கு 88 சென்டிமீட்டர் தட்டு இருந்தால் ஏழு மீன் வரை வைக்கலாம். ஆனால் ஐந்துதான் வைக்க வேண்டும்.

அந்த இரண்டு மீனுக்கான இடத்தை ஏன் காலியாக விட வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான விஷயம். தட்டின் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே கங்கு இருக்கவே கூடாது. கொழுப்பு சொட்டித் தீ குப்பென்று எழும்பினால் மீனை நகர்த்த அங்கேதான் இடம். வெந்த மீனைச் சூடாக வைத்திருப்பதும் அங்கேதான். கீழக்கரைப் பக்கம் சஹன் (பலர் சேர்ந்து உண்ணும் பெரிய தட்டு) வைத்துப் பரிமாறும் வீடுகளில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சாப்பாடு வர வேண்டும், ஒவ்வொன்றாகச் சுட்டுச் சுட்டுக் கொடுக்க முடியாது. கோழித்தொடை வெளியே கருகி உள்ளே ரத்தமாக நிற்காமல் வேகவும் இந்த இடம்தான் வேண்டும். சின்ன கிரிலில் இதை ஒதுக்க வழியில்லை. பெரிய கிரிலுக்குப் பணம் கொடுப்பது கரி போடாத அந்த இடத்துக்காகத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மூடி வேண்டுமா?

வேண்டும். மீன் மட்டும் சுடுபவர்கள் மூடி வீண் செலவு என்பார்கள். ஆனால் நம் வீடுகளில் கூட்டம் கூடுவது எப்போது என்று பாருங்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விடும் நாட்களும் மீன்பிடித் தடைக்காலமும் ஒன்றாகவே வருகின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். நாட்டுப்படகில் வரும் மீனுக்கு விலை ஏறும். அந்த நாட்களில் கிரிலில் ஏறுவது கோழியும் ஆட்டுக்கறியும்தான். முழுக் கோழியோ ஆட்டுத்தொடையோ மூடி இல்லாமல் வேகாது. தட்டிலிருந்து மூடியின் உட்புற உச்சி வரை குறைந்தது 25 சென்டிமீட்டர் உயரம் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள்.

காற்றுக்கும் மூடி வேண்டும். ஆனி, ஆடியில் கச்சான் வீசும்போதும் ஐப்பசிக்குப் பிறகு வாடை அடிக்கும்போதும் திறந்த அடுப்பில் கரி அரை மணியில் எரிந்து தீரும், சாம்பல் பறந்து மீன் மேல் படியும். மூடியிலும் அடிப்பக்கமும் திறந்து மூடக்கூடிய காற்றுத்துளைகள் இருந்தால் நெருப்பு உங்கள் சொல் கேட்கும். கீழ்த்துளையைத் திறந்தால் சூடு ஏறும், பாதி மூடினால் இறங்கும், மேலும் கீழும் முழுக்க மூடினால் கங்கு அணைந்து மிச்சக் கரி அடுத்த முறைக்கு ஆகும். வாங்கும்போது மூடியை மூடி, விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டிப் பாருங்கள். ஒரு காகிதம் நுழையும் சந்து பரவாயில்லை. விரல் நுழைந்தால் அந்த கிரிலில் சூட்டைக் கட்டுப்படுத்த முடியாது.

இந்த உருண்டை மூடி வடிவம் பிறந்த கதை கடற்கரைக்காரர்களுக்குப் பிடிக்கும். 1952-இல் அமெரிக்காவில் சிகாகோ பக்கம் உலோகப் பட்டறை ஒன்றில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீஃபன், அங்கே செய்துகொண்டிருந்த மிதவையை இரண்டாக வெட்டி, கீழ்ப்பாதியை அடுப்பாகவும் மேல்பாதியை மூடியாகவும் ஆக்கினார். காற்றடிக்கும் இடத்தில் நெருப்பைக் காப்பதுதான் அவருக்கும் பிரச்சினையாக இருந்தது.

தகடும் உப்புக்காற்றும்

மதுரையில் ஐந்து வருடம் வரும் கிரில், கடலோர ஊரான மண்டபத்தில் அவ்வளவு காலம் தாக்குப்பிடிக்காது. உப்புக்காற்று மட்டும் காரணமில்லை. அதைவிட மோசமானது உள்ளே தேங்கும் சாம்பல். சாம்பல் ஈரத்தை உறிஞ்சும், காரத்தன்மையும் உள்ளது. மழைச்சாரலோ இரவுப் பனியோ பட்டால் அடித்தட்டின் மூலையில் சாம்பல் களிம்பு போல ஒட்டிக்கொள்ளும். விரலால் சுரண்டினால் கீழே செந்நிறச் செதில் வரும். அந்தச் செதிலுக்குக் கீழேதான் ஓட்டை விழுந்துகொண்டிருக்கும். பெரும்பாலான கிரில்கள் சாவது அந்த மூலையில்தான், பக்கச்சுவரில் அல்ல. ஆகவே சாம்பலைத் தனியாக இழுத்துக் கொட்டும் தட்டு இல்லாத கிரிலை இந்தக் கடற்கரைக்கு வாங்காதீர்கள்.

அடுத்தது தகட்டின் கனம். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தகட்டில் செய்த கிரில் பார்க்கப் பளபளப்பாக இருக்கும். இரண்டு மூன்று முறை பெருநெருப்பு போட்டதும் நெளியும், மூடி பொருந்தாது, பிறகு காற்றுத்துளைக்கு அர்த்தமே இல்லை. 2 மில்லி தகடு இந்த வேலைக்குச் சரியான கனம். கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை, எடையே சொல்லிவிடும். ஒரு மில்லி கன இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு 7.85 கிலோ. 90 நீளம், 50 அகலம், 25 ஆழம் (எல்லாம் சென்டிமீட்டரில்) உள்ள தொட்டிக்கு 1.15 சதுர மீட்டர் தகடு ஆகும். 2 மில்லி என்றால் கால், மூடி, கம்பி இல்லாமல் வெறும் தொட்டியே 18 கிலோ இருக்க வேண்டும். ஒன்பது கிலோ காட்டினால் அது ஒரு மில்லி.

கம்பித்தட்டுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304 என்ற தரம் நல்லது. 316 இன்னும் நல்லது, அதில் சேர்க்கும் மாலிப்டினம் உப்பைத் தாங்கும், விலையும் அதற்கேற்ப ஏறும். பட்டறைகளில் கைப்பிடிக்கும் கேட்டுக்கும் வாங்கி வைத்திருப்பது பல நேரம் 202. கடலோரத்தில் அது சீக்கிரம் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். காந்தம் வைத்துப் பார்த்தால் தெரியும் என்பார்கள், தெரியாது. 202, 304 இரண்டிலும் காந்தம் ஒட்டாது. கம்பி வாங்கிய ரசீதில் எண்ணைப் பார்ப்பதே வழி. வார்ப்பிரும்புத் தட்டு சூட்டை நன்றாகப் பிடிக்கும், மீனுக்கு அழகான கோடு விழும். ஆனால் ஒவ்வொரு முறையும் எண்ணெய் தடவி வைக்கும் பொறுமை வேண்டும். அது இல்லாத வீட்டுக்கு வேண்டாம். எனாமல் பூசிய தட்டு ஒரு இடத்தில் செதில் பெயர்ந்தால் அங்கிருந்து துரு பரவும்.

ஜிங்க் பூசிய எதுவும் நெருப்புக்கு மேல் வரக் கூடாது. ஜி.ஐ. தகடு, ஜி.ஐ. வெல்டு மெஷ், கோழிக்கூட்டு வலை எல்லாம் இதில் அடங்கும். ஜிங்க் 419 டிகிரியில் உருகும், கங்குக்குப் பக்கத்தில் அதைவிடச் சூடு உண்டு. மிகையாகச் சூடானால் வரும் புகை காய்ச்சல், குளிர், நெஞ்சு இறுக்கம் கொண்டுவரும். கட்டடக் கம்பியும் வேண்டாம். அதன் வரிகளில் கொழுப்பு தங்கும், தேய்த்து எடுக்க முடியாது.

பட்டறையில் செய்யச் சொல்வதானால்

ராமநாதபுரம், பரமக்குடி, கீழக்கரை எங்கும் வெல்டிங் பட்டறை இருக்கிறது. சொல்லத் தெரிந்தால் கடையில் வாங்குவதைவிட உறுதியானது கிடைக்கும். "பெரிசா ஒரு பார்பிக்யூ அடுப்பு" என்று மட்டும் சொன்னால் கிடைப்பது கால் வைத்த தொட்டி. இப்படிச் சொல்லுங்கள்:

"அண்ணே, கருப்புத் தகடு ரெண்டு மில்லி. தொட்டி 90-க்கு 50, ஆழம் 25. அடியிலேருந்து ஆறு சென்டி மேல கரி போடுற சல்லடைத் தட்டு, எட்டு மில்லி கம்பில, கழட்டுற மாதிரி. அதுக்குக் கீழ சாம்பல் இழுக்குற தட்டு. மேல கம்பித்தட்டு ஒரே துண்டா வேண்டாம், மூணு துண்டு. கம்பி ஆறு மில்லி 304, இடைவெளி பன்னெண்டு மில்லிக்கு மேல போகக் கூடாது. ரெண்டு குட்டைப் பக்கமும் கரித்தட்டுக்குக் கீழ ரெண்டு சென்டி துளை நாலு நாலு, மேல நகர்த்தி மூடுற பட்டை. மூடியில ஒரு ஓரத்துல மூணு இஞ்சு குழாய், அதுக்கும் மூடி."

ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. கரித்தட்டு அடியில் படிந்தால் கீழிருந்து காற்று வராது, கரி மூச்சுத் திணறிப் புகையும். கம்பித்தட்டு மூன்று துண்டாக இருந்தால் ஒரு துண்டைத் தூக்கிக் கரி சேர்க்கலாம், மற்ற இரண்டில் மீன் வெந்துகொண்டிருக்கும். இடைவெளி 12 மில்லியைத் தாண்டினால் இறாலும் கணவாய் வளையமும் கங்கில் விழும். கரி மட்டத்துக்கும் கம்பித்தட்டுக்கும் நடுவே 12 முதல் 15 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். அதைவிடக் கிட்டே போனால் மீன் தோல் கருகும் நேரத்துக்குள் நடுமுள் பக்கம் வேகாது.

கம்பித்தட்டு தரையிலிருந்து 85 முதல் 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் குனியாமல் நிற்கலாம். கிரிலின் ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒரு சாண் சதுரத் தகடு வைத்து வெல்டு செய்யச் சொல்லுங்கள், இல்லையேல் மணலில் ஒரு கால் இறங்கிக் கங்கோடு சாயும். சின்னச் சக்கரம் மணலில் உருளாது. போல்ட் எல்லாம் ஸ்டெயின்லெஸ், சாதா போல்ட் ஒரு வாடைக்காற்றுக் காலத்துக்குள் துருப்பிடித்து இறுகிவிடும். வெளிப்பக்கம் சூடு தாங்கும் பெயின்ட் அடிக்கலாம். உள்ளே பெயின்டே கூடாது.

பழைய 200 லிட்டர் டிரம்மைப் பாதியாக வெட்டிச் செய்வது மலிவு, அளவும் தோதானது. ஆனால் புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டோம். உள்ளே முன்பு என்ன இருந்தது என்பது தெரியாது. பல டிரம்களில் உட்பூச்சு இருக்கும், எரித்தால் நச்சுப் புகை. எரிபொருளோ ரசாயனமோ இருந்த டிரம்மில் மிச்ச ஆவியோடு வெட்டும் கருவி பட்டால் வெடிக்கும். தகடும் சுமார் ஒரு மில்லிதான்.

பீங்கான் சட்டி மாதிரி கனமான கமாடோ அடுப்புகள் சூட்டை அருமையாகப் பிடிக்கும். விலை அதிகம், விழுந்தால் உடையும். முதல் கிரிலாக வேண்டாம்.

கரி

இந்த விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடிப் பக்கம் கரிமூட்டம் போடும் சீமைக்கருவேலம், அமெரிக்காவில் மெஸ்கீட் என்று பெயர் சொல்லித் தேடி வாங்கும் மரத்தின் இனம். கனமான கரி, நின்று எரியும், சூடு அதிகம். தூர்க்கட்டையில் போட்ட கரி குச்சிக்கரியைவிட நெடுநேரம் நிற்கும். ஒரு குறையும் உண்டு: ஆரம்பத்தில் பட்பட்டென்று வெடித்துப் பொறி பறக்கும். ஆகவே பற்றவைத்த முதல் இருபது நிமிடம் பிள்ளைகள் கிட்டே வரக் கூடாது.

மூட்டையைப் பிரித்து ஒரு துண்டை இன்னொன்றில் தட்டிப் பாருங்கள். கணீரென்று சத்தம் வந்தால் நல்ல கரி. மொத்தென்று வந்தால் ஈரம், மழைக்காலத்தில் எடைக்கு எடை தண்ணீருக்குக் காசு கொடுக்கிறீர்கள். உடைத்தால் உள்ளே பளபளவென்று கறுப்பாக இருக்க வேண்டும், பழுப்பாகத் தெரிந்தால் மூட்டத்தில் சரியாக வேகாதது, கண் எரியப் புகையும். எலுமிச்சம்பழ அளவிலிருந்து கைப்பிடி அளவு வரை எடுத்துக்கொண்டு தூளை ஒதுக்குங்கள். தூள் காற்று வழியை அடைக்கும்.

90-க்கு 50 தொட்டியில் மூன்றில் இரண்டு பங்குக்குப் பரப்ப 4 கிலோ போதும். இரண்டு மணி நேரம் சுடுவதென்றால் இன்னும் 2 கிலோ கையில் இருக்கட்டும். சிரட்டைக்கரி சீரான சூடு தரும், பொறி குறைவு. இரண்டும் கலந்து போடலாம்.

முதல் நெருப்பு

புதிய கிரிலில் முதல் நாள் எதையும் சுடாதீர்கள். உள்ளே கடலை எண்ணெய் மெல்லியதாகத் தடவி, 3 கிலோ கரி போட்டு, மூடியை மூடித் துளைகளைத் திறந்து ஒரு மணி நேரம் எரிய விடுங்கள். வெல்டிங் அழுக்கும் ஆலை எண்ணெயும் எரிந்து போகும், தகடு கறுத்துப் பக்குவப்படும்.

சுடும் நாளில் முதலில் காற்றைப் பாருங்கள். கிரிலின் குட்டைப் பக்கம் காற்றைப் பார்த்து இருக்கட்டும், நீங்கள் நீளப் பக்கம் நில்லுங்கள், புகை முகத்தில் அடிக்காது. கங்கைக் காற்று போய்ச்சேரும் கோடியில் குவியுங்கள், காற்று வரும் பக்கம் காலியிடம். மாற்றி வைத்தால் அனல் காலியிடத்தின் மேல் சாய்ந்து அதன் பயனே போய்விடும். பொறி பறக்கும் திசையில் ஓலைக் கொட்டகை, காயும் வலை, வைக்கோல் எதுவும் இருக்கக் கூடாது. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு வாளி மண்ணும் வையுங்கள்.

பற்றவைக்கப் பன்னாடையும் காய்ந்த தென்னம்பாளையும் போதும். கரியைக் கூம்பாகக் குவித்து அடியில் செருகிக் கொளுத்துங்கள். மண்ணெண்ணெய் வாடை மீனில் ஏறும். பெட்ரோலைத் தொடவே வேண்டாம். இருபத்தைந்து, முப்பது நிமிடத்தில் வெடிப்பு அடங்கி, கரித்துண்டுகளின் விளிம்பில் வெள்ளைச் சாம்பல் பூக்கும். அப்போது பரப்புங்கள். கரி கறுப்பாக இருக்கும்போதே மீனை வைப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

கம்பித்தட்டுக்கு மேல் ஆறு விரல் உயரத்தில் உள்ளங்கையைக் காட்டி எண்ணுங்கள். இரண்டு, மூன்றுக்குள் கையை எடுத்தால் கணவாய்க்கும் இறாலுக்கும் சரி, பக்கத்துக்கு இரண்டு நிமிடம்தான், அதிகம் போனால் ரப்பராகும். நான்கு, ஐந்து என்றால் முழு மீனுக்கு. ஏழு, எட்டு வரை தாங்கினால் கோழிக்கு, மூடி போட்டு.

மீன் ஒட்டிக்கொள்கிறது என்ற புகார்தான் அதிகம் வரும். மசாலா தடவிய மீனில் நீர் கசிந்தபடி தட்டில் வைத்தால் ஒட்டத்தான் செய்யும். வைக்கும் முன் மேல் ஈரத்தை ஒற்றி எடுங்கள். தட்டு பத்து நிமிடமாவது காய்ந்திருக்க வேண்டும். பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி எண்ணெயில் தொட்டுக் கம்பியில் தேய்த்துவிட்டு மீனை வையுங்கள். பிறகு ஆறு நிமிடம் தொடாதீர்கள். தோல் வெந்து இறுகியதும் அதுவே கம்பியை விட்டுவிடும். கரண்டியை நுழைத்தால் சிக்கிக்கொண்டு இழுபட்டால் இன்னும் நேரம் ஆகவில்லை என்று அர்த்தம், ஒரு நிமிடம் பொறுங்கள். சாளை மாதிரிச் சின்ன மீனுக்கு இரட்டை வலைத் தட்டில் பூட்டிச் சுடுவதே நல்லது.

அரைக் கிலோ மீனுக்குப் பக்கத்துக்கு ஆறு, ஏழு நிமிடம். நடுமுள் ஓரம் சதையை விலக்கினால் கண்ணாடி போல் இல்லாமல் வெள்ளையாகப் பிரிய வேண்டும். கோழியை முதலில் காலியிடத்தில் வைத்து மூடி போட்டு வேகவிட்டு, கடைசி ஐந்து நிமிடம் கங்கு மேல் கொண்டுவாருங்கள். எலும்பு ஓரம் 74 டிகிரி செல்சியஸ் வர வேண்டும். குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், ஊகத்தைவிட மலிவு.

மழை வந்துவிட்டால் கிரிலை வீட்டுக்குள்ளோ மூடிய கொட்டகைக்குள்ளோ தள்ளாதீர்கள். புகையே தெரியாத கங்கிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும், வாசனை கிடையாது, உயிரை எடுக்கும். இரவுக் குளிருக்குக் கங்குச் சட்டியை அறைக்குள் வைப்பதும் அதே ஆபத்துதான்.

சுட்டு முடித்த பிறகு

துளைகளை மூடி அணைய விடுங்கள். கங்கின் மேல் தண்ணீர் ஊற்றினால் தகடு நெளியும், சாம்பல் களியாகும். தட்டு சூடாக இருக்கும்போதே தேங்காய் மட்டையால் தேய்த்துவிடுங்கள். கம்பி பிரஷில் உதிரும் இழை சாப்பாட்டில் போய்விடும். மறுநாள் காலை, சாம்பல் முழுக்க ஆறியதும், தட்டை இழுத்துக் கொட்டுங்கள், மூலைகளைக் காய்ந்த துணியால் துடையுங்கள். கழுவுவதானால் குடிநீரில் கழுவுங்கள். நம் கிணற்று உவர்நீரில் கழுவினால் உப்பை நாமே தடவி வைத்த மாதிரி. கழுவியதும் வெயிலில் காயவைத்து உள்ளே எண்ணெய் தடவுங்கள்.

தொட்டி அடியில் கடல் மணல் பரப்பினால் தகடு சூடாகாமல் காக்கும் என்று சிலர் செய்கிறார்கள். அந்த மணலில் உள்ள உப்பு தகட்டை அரித்துவிடும். கட்டாயம் வேண்டுமென்றால் உடைந்த செங்கல் துண்டு போடுங்கள்.

மூடிவைக்கும் தார்ப்பாயை இறுக்கிக் கட்டாதீர்கள், உள்ளே வியர்த்து ஈரம் தங்கும். அடியில் ஒரு சாண் திறந்திருக்கட்டும். ஐப்பசி பிறக்கும் முன் கரித்தட்டைக் கழற்றிப் பாருங்கள். கம்பி நடுவில் மெலிந்து தொங்கினால் அதை மட்டும் மாற்றுங்கள், தொட்டி இன்னும் பல வருடம் வரும்.